கிளிமஞ்சாரோ, மச்சாமே பாதை, நான்காம் இரவு: ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு பேர் போனோம். மூன்று பேர் உச்சியில் நின்றோம். நான்காமவன் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில், அதிகாலை இரண்டேகால் மணிக்கு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கத் திரும்பி இறங்கினான். என் மனைவியின் தம்பி. இப்போது நலமாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான், ஓடுகிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்களிடையே கதை ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: "அவனுக்கு உயரம் ஒத்துக்கலை." கேட்கச் சுலபமான வரி, யார் மேலும் பழி விழாது. ஆனால் பயணத்தை ஏற்பாடு செய்தவன் நான். என்னிடம் நாள்வாரிக் குறிப்பு இருக்கிறது, கைக்கடிகாரம் பதிந்த உயரங்கள் இருக்கின்றன, தலைமைக் கைடு எழுதிய தாள் ஒன்றின் படமும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவன் இறங்கப்போவது அந்த இரவுக்கு ஒன்றரை நாள் முன்பே, சாப்பாட்டுக் கூடாரத்தில், சூப் கிண்ணத்துக்கு முன்னால் தீர்மானமாகிவிட்டது தெரிகிறது.

மலையும் திட்டமும்

தான்சானியாவின் வடக்கே, கென்ய எல்லையை ஒட்டி நிற்கும் கிளிமஞ்சாரோ மூன்று எரிமலைகள் சேர்ந்த மலை: ஷிரா, மாவென்சி, கிபோ. இதில் கிபோவின் விளிம்பில் இருக்கிறது 5,895 மீட்டர் உயர உஹுரு முனை. வழக்கமான பாதைகளில் கயிறு வேண்டாம், பனிக்கோடாரி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். ஏமாற்றுவது அதுதான். மலையேற்றம் தெரியாத என் போன்றவர்களும் பெரிய உயரத்துக்கு வெகு சீக்கிரம் போய்விடுகிறோம்.

1991 முதல் கைடு இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. எங்கள் நால்வருக்கு ஒரு தலைமைக் கைடு, இரண்டு துணைக் கைடுகள், ஒரு சமையல்காரர், பன்னிரண்டு போர்ட்டர்கள். ஆக நான்கு பேர் நடக்கப் பதினாறு பேர். மச்சாமே வாயிலில் ஒவ்வொரு போர்ட்டரின் மூட்டையையும் தராசில் தொங்கவிட்டார்கள். 20 கிலோவுக்கு மேல் தூக்கவைக்கக் கூடாது என்பது பூங்கா விதி. எங்கள் பை ஒன்று கூடுதலாக இருந்தது. மச்சினன் அசட்டுச் சிரிப்போடு ஒரு சத்துமாவு டப்பாவை வெளியே எடுத்தான்.

மச்சாமே பாதையை ஆறு நாளிலும் முடிக்கலாம், ஏழு நாளிலும் முடிக்கலாம். வித்தியாசம் நான்காம் நாளில் இருக்கிறது. ஏழு நாள் திட்டத்தில் பரான்கோ முகாமிலிருந்து கிளம்பி, சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் கரங்கா முகாமில் ஓர் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவுக்குப் போவார்கள். ஆறு நாள் திட்டத்தில் கரங்காவில் மதியச் சாப்பாடு மட்டும். அன்றே பராஃபு, அன்று நள்ளிரவே உச்சி. ஒரு நாள் குறைந்தால் பூங்காக் கட்டணம், முகாம் கட்டணம், ஆட்களின் கூலி எல்லாம் குறையும். பூங்காவுக்குப் போவது மட்டுமே ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு டாலருக்கு மேல். லீவும் ஒரு நாள் மிச்சம். நான் ஆறு நாள் என்றேன். ஏற்பாட்டாளர் ஏழு நாள் நல்லது என்று ஒரு முறை எழுதினார். நான் பதில் போட்டதும் அவர் மறுபடி எழுதவில்லை.

போன நான்கு பேர்

எனக்கு 49 வயது, தொப்பை உண்டு. கூட வந்த நண்பரும் அவர் மனைவியும் நாற்பதுகளில் இருப்பவர்கள். நடைப்பயிற்சி தவிர வேறொன்றும் தெரியாது. மச்சினனுக்கு 31. இரண்டு முழு மாரத்தான் ஓடியவன். "நம்ம நாலு பேர்ல ஒருத்தர் திரும்பினா அது நான்தான்" என்று விமானத்தில் நான் சொன்னேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

உடல் தகுதிக்கும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கும் சம்பந்தமில்லை. இதைப் படித்திருந்தேன்; ஆனால் நம்பவில்லை. சொல்லப்போனால் நல்ல ஓட்டக்காரனுக்கு ஆபத்து கொஞ்சம் கூட, ஏனென்றால் அவனால் வேகமாகப் போக முடியும். கைடுகள் நாள் முழுக்கச் சொல்லும் மந்திரம் "போலே போலே". ஸ்வாஹிலியில் மெதுவாக, மெதுவாக. எங்கள் நெல்லைப் பக்கம் "பைய பைய" என்போமே, அச்சு அசல் அதுதான். முதல் இரண்டு நாளும் மச்சினன் எங்களுக்கு முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்து காத்திருந்தான்.

நான்கு பேரும் உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை எடுத்தோம், கிளம்புவதற்கு முந்தைய நாளிலிருந்து, 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. மருத்துவரிடம் கேட்டுத்தான். விரல் நுனி சுருசுருவென்று இருக்கும், சோடா குடித்தால் உப்புச்சப்பில்லாமல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும் என்று அவர் சொன்ன மூன்றும் நடந்தன.

நாள்வாரியாக

முதல் நாள் மழைக்காடு. 1,800 மீட்டரில் தொடங்கி, மரவேர்களும் சேறுமாக ஏறி, சுமார் 2,850 மீட்டரில் மச்சாமே முகாம். இரண்டாம் நாள் காடு முடிந்து புதர்வெளி. ஷிரா முகாம், சுமார் 3,800. ஒரே நாளில் தூங்கும் உயரம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கூடிவிட்டது. அன்றிரவு எனக்கு லேசான தலைவலி. நண்பரின் மனைவிக்கும். மச்சினன் நன்றாகச் சாப்பிட்டான், நாலு சப்பாத்தி. (சப்பாத்திக்கு அங்கேயும் அதே பேர்தான், டீக்கு 'சாய்'. இந்தியப் பெருங்கடல் செய்த வேலை.)

ஒவ்வொரு மாலையும் சாப்பாடு முடிந்ததும் தலைமைக் கைடு வருவார். ஐம்பது வயதிருக்கும், அந்த மலையின் சரிவுகளிலேயே வாழும் சாகா இனத்தவர், நூற்றுக்கணக்கான முறை ஏறியவர். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவார். அப்புறம் நான்கு கேள்வி: தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். லேக் லூயிஸ் அளவுகோல் என்று பெயர். தலைவலியோடு சேர்த்து மொத்தம் மூன்று வந்தால் மலை நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பு தூக்கத்தையும் கேட்பார்களாம், 2018 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், அந்த உயரத்தில் யார் தூங்கினார்கள்!

மூன்றாம் நாள்தான் முக்கியம். ஷிராவிலிருந்து லாவா டவர் என்ற எரிமலைப் பாறைத் தூண் வரை ஏறி, 4,600 மீட்டரைத் தொட்டு, மாலையில் 3,950க்கு அருகே பரான்கோவில் வந்து தூங்குவது. உயரம் போய்வந்து தாழ்வாகத் தூங்கினால் உடம்பு பழகும் என்ற கணக்கு. லாவா டவரில் எங்கள் எல்லோருக்கும் தலை கனத்தது. அது அங்கே சகஜம், இறங்கினால் போய்விடும் என்றார்கள். எனக்குப் போய்விட்டது.

பரான்கோ அழகான இடம். முட்டைக்கோஸைத் தூண் மேல் வைத்தது போன்ற ராட்சத செனேசியோ மரங்கள் பனிமூட்டத்துக்குள் ஆட்கள் மாதிரி நிற்கும். அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது மச்சினன் கூடாரத்துக்குள்ளேயே இருந்தான். டீ நேரத்துப் பாப்கார்னுக்கு வரவில்லை. இரவுச் சாப்பாட்டில் வெள்ளரிக்காய் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான். கைடு நான்கு கேள்வியும் கேட்டார். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஆக்சிமீட்டர் 84 காட்டியது. எனக்கு 81. "பாத்தீங்களா அத்தான்" என்று கண்ணடித்தான்.

கைடு போகும்போது என்னை வெளியே கூப்பிட்டார். உங்கள் தம்பி எப்போதும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாரா என்று கேட்டார். "ஆமாம், அவன் அப்படித்தான்" என்றேன். முந்தைய நாள் நாலு சப்பாத்தியைப் பார்த்தவன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி வெளியாள் ஒருவர் சந்தேகப்படும்போது வாயில் தானாக வருகிற பதில் அது.

பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனே சொன்ன விவரம்: லாவா டவரில் தலைவலி தொடங்கியது, இறங்கியும் விடவில்லை. என்னிடம் கேட்காமல் மருந்துப் பையிலிருந்து ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரையை எடுத்தான். கேள்வி கேட்ட நேரத்தில் மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது, அதனால் 'பூஜ்ஜியம்' முழுப் பொய்கூட இல்லை. டயமாக்ஸை இரண்டாம் நாள் இரவே நிறுத்திவிட்டான். உறைகிற குளிரில் மூன்று தடவை எழுந்து, ஜிப்பைத் திறந்து, பூட்ஸ் மாட்டி வெளியே போக அலுப்பு. இதைச் சொல்லும்போதும் "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்" என்றான்.

நான்காம் நாள் காலை பரான்கோ சுவர். கையும் காலும் ஊன்றி ஏறும் இரண்டு மணி நேரம். அதே பாறையில் தலையில் மூட்டையோடு போர்ட்டர்கள் நம்மைக் கடந்து போவார்கள், நாம் ஒதுங்கி வெட்கப்படலாம். மச்சினன் முதல் முறையாக வரிசையில் கடைசியாக வந்தான். மதியம் கரங்கா. அதுதான் கடைசித் தண்ணீர்; பராஃபுவில் ஊற்றோ ஓடையோ கிடையாது, போர்ட்டர்கள் கீழிருந்து சுமந்து வரவேண்டும். மாலை ஐந்துக்கு பராஃபு, 4,670 மீட்டர். பராஃபு என்றால் பனிக்கட்டி. ஆறு மணிக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு எழுப்புவார்கள். அன்று மாலைக் கேள்விகளை எல்லோரும் அவசரமாக முடித்தோம். அவன் தலைவலிக்கு ஒன்று போட்டான், நானும் ஒன்று போட்டேன், சரி என்று விட்டுவிட்டார்கள்.

அந்த இரவு

பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பினோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். தண்ணீர்க் குழாய் முதல் மணி நேரத்திலேயே உறைந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு மேல் மச்சினன் சின்னச் சின்னதாகத் தடுமாறினான். இரண்டு மணிக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு அதை எங்கே வைத்தான் என்று தெரியாமல் நின்றான். துணைக் கைடு பேர் கேட்டார், சொன்னான். இன்று என்ன கிழமை என்றார். சிரித்தான். பதில் வரவில்லை.

தலைமைக் கைடு வந்து சரளையில் குச்சியால் ஒரு கோடு போட்டார். ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான், அவர் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் பரிசோதனை. தலைவலியும் வாந்தியும் மட்டும் இருந்தால் மலை நோய். நடை தள்ளாடி, புத்தி மங்கினால் மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரே நம்பகமான வைத்தியம் இறங்குவது.

அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துணைக் கைடையும், கூட வந்த ஒரு போர்ட்டரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்வாஹிலியில் நாலு வார்த்தை சொன்னார். முதலுதவிப் பெட்டியில் இருந்த, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோனில் முதல் அளவு, 8 மில்லிகிராம், கொடுத்தார்கள். கேள்வி கேட்டதிலிருந்து அவர்கள் இறங்க ஆரம்பித்தது வரை பத்து நிமிடம் இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். மேலே போனேன். நீங்கள் கூடப் போனால் இறங்கும் வேகம் குறையும், அவருக்கு இரண்டு ஆள் இருக்கிறார்கள் என்றார் கைடு. அது உண்மை. அந்த உண்மை எனக்கு வசதியாகவும் இருந்தது. விடியும்போது கிபோவின் விளிம்பில் 5,756 மீட்டர் ஸ்டெல்லா முனை, ஏழு மணி தாண்டி உஹுரு. உஹுரு என்றால் விடுதலை. 1961இல் நாடு சுதந்திரம் அடைந்த இரவு அங்கே தீபம் ஏற்றியதால் வந்த பேர். பக்கத்தில் பனிப்பாறையின் நீலச் சுவர். 1912இல் இருந்த பனியில் எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று படித்திருந்தேன், மிச்சத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் நின்றிருப்போம். படத்தில் நான் சிரிக்கிறேன்.

அவனை நான்கு மணிக்குள் பராஃபுவுக்குக் கொண்டுவந்து ஆக்சிஜன் வைத்து, நிறுத்தாமல் மேலும் இறக்கி, 3,800 மீட்டர் முகாமிலிருந்து ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில், இறங்கும் வழியான ம்வேகா பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் மாறி மாறி. காலை ஏழுக்கே, அதாவது நான் உச்சியில் இருந்த நேரத்தில், அவனுக்குக் கிழமை தெரிந்துவிட்டது. மதியம் வண்டி வரக்கூடிய இடத்தை எட்டி, மோஷி நகரில் ஆஸ்பத்திரி. இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

எங்கே தவறியது

முதலில் திட்டம். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. எங்கள் இரண்டாம் நாளே இதை மீறியது, நான்காம் நாள் 700 மீட்டர் கூட்டி மறுபடி மீறியது. நேர்மையாகப் பார்த்தால் ஏழு நாள் திட்டமும் இந்த விதிக்குள் அடங்காது. இரண்டாம் நாள் தாவல் அதிலும் உண்டு, கரங்காவிலிருந்து பராஃபு 650 மீட்டர். கூடுதல் நாள் தருவது 4,000 மீட்டரில் இன்னோர் இரவை. உடம்பு பழகவும், மறைத்து வைத்த தலைவலி வெளியே வரவும். நான் விற்றுவிட்டது அந்த இரவைத்தான்.

1889இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஹான்ஸ் மேயர் இதற்கு முன் தோற்றுத் திரும்பியவர். அந்த முறை லுட்விக் புர்ட்ஷெல்லரோடு வந்தபோது மலைமேல் முகாம்கள் போட்டு, கீழே மராங்குவிலிருந்து உணவு வந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்தார். அக்டோபர் 3ஆம் தேதி எரிமலை வாயின் விளிம்பை எட்டினார்கள். உச்சி எதிர்ப்பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். 6ஆம் தேதி மறுபடி போய்த் தொட்டார்கள். சுமந்து வர ஆள் இருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது. எங்களுக்கும் பதினாறு பேர் இருந்தார்கள். விமான டிக்கெட்டும் இருந்தது.

இரண்டாவது, ஆக்சிமீட்டர். அந்த 84 எங்களைக் கெடுத்தது. அந்த உயரத்தில் எண்பதுகளில் இருப்பது சாதாரணம். குளிர்ந்த விரலில் எண் தாறுமாறாக வரும். 84க்காரனுக்கு மூளை வீங்கலாம், 81க்காரன் உச்சிக்குப் போகலாம், போனான். கொரோனா காலத்தில் பழகிய கருவி என்பதால் அதற்கு நாங்கள் கொடுத்த மரியாதை அதிகம்.

மூன்றாவது, என் கணக்கில் மற்ற இரண்டையும் விடப் பெரியது: அந்தக் கேள்விகளைக் கேட்ட இடம். ஒரு மேசை, நான்கு நாற்காலி, எல்லோர் முன்னாலும். பக்கத்தில் அத்தான். எதிரே தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த, தொப்பை உள்ள ஆட்கள், அவர்கள் பூஜ்ஜியம், ஒன்று என்கிறார்கள். மாரத்தான் ஓடியவன் என்ன சொல்வான்? இரண்டு மாத்திரை ரகசியத்தையும் அவன் வேறு யாருக்காகவும் மறைக்கவில்லை, எனக்காக மறைத்தான். கூடாரம் கூடாரமாகப் போய்த் தனித்தனியாகக் கேட்டிருந்தால், மருந்து அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தால், பரான்கோவிலேயே தெரிந்திருக்கும். பரான்கோவில் தெரிந்திருந்தால் ஒரு நாள் அங்கேயே தங்கிச் சரியாகவும் வாய்ப்பிருந்தது. போன வருஷம் இதே மலைக்குப் போன எங்கள் அலுவலகக் குழுவுக்கு நான் சொன்னது இந்த ஒன்றைத்தான். அவர்கள் எட்டு நாள் லெமோஷோ பாதையை எடுத்துக்கொண்டார்கள், அது அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

இறங்கி முடித்த நாள், ம்வேகா வாயிலில் ஆட்கள் எல்லோரும் பாடினார்கள், டிப்ஸ் கவர்கள் கைமாறின, எங்கள் மூவருக்கும் சான்றிதழ் வந்தது. ஸ்டெல்லா முனையைக்கூடத் தொடாததால் மச்சினனுக்கு இல்லை. தலைமைக் கைடு ஆஸ்பத்திரிக்காக மாலைக் குறிப்புத் தாளைக் கொடுத்தார். படமெடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், பரான்கோ, மச்சினன் வரிசையில் நான்கு பூஜ்ஜியம். அதற்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலில் ஒரு ஸ்வாஹிலிச் சொல்: 'ஹகூலா'. என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"சாப்பிடவில்லை," என்றார்.

அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது. நான் பதில் சொன்ன பிறகு அடித்திருப்பார்.